"ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை நம் பைக் குழுவின் பயணத்தில், ஒரு வளைவில் ஒருவர் ஓரப்பக்கமாக நுழைந்து என்னை உரசிக்கொண்டு முந்திச் சென்றார். அதை என்னோடு வந்தவர்கள் நேரில் பார்த்தார்கள். மற்றவர்கள் அன்றிரவு நான் எழுதியதைப் படித்திருப்பீர்கள். அதை மறுபடியும் முழுவதுமாகச் சொல்லப் போவதில்லை. நடந்ததைவிட, அதற்குப் பிறகு எனக்கு வந்த பதில்கள்தான் இதை எழுத வைக்கின்றன. "இடித்தானா? விழுந்தீர்களா? ஒன்றும் ஆகவில்லையே, பிறகு ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள்?" என்று பலரும் கேட்டுவிட்டார்கள். அப்படிக் கேட்டவர்களில் சிலர் என்னோடு பல ஆண்டுகளாக வண்டி ஓட்டுகிறவர்கள் என்பதுதான் மனதில் தைக்கிறது.

ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒன்றும் ஆகாமல் போனதற்கு, முந்திச் சென்றவர் என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கும் சாலையோரத்துக்கும் நடுவில் இருந்த இடுக்கில் அவர் நுழைந்த நொடியில் நான் ஒரு சாண் ஓரமாக நகர்ந்திருந்தால் இரண்டு பேரும் கீழே கிடந்திருப்போம். அவர் வருவது எனக்குத் தெரியாது; ஆகவே நான் நகராமல் இருந்தது அவருக்காகச் செய்த ஏற்பாடு அல்ல. அவருடைய கண்ணாடி என் கண்ணாடியில் தட்டிய சத்தம் ஹெல்மெட்டுக்குள் கேட்டது. வளைவு முடிந்து நேர்ச்சாலைக்கு வந்த பிறகு பார்த்தால், என் கண்ணாடி உள்பக்கமாக மடங்கி, பின்னால் வரும் சாலைக்குப் பதிலாக என் ஜாக்கெட்டின் ஜிப்பைக் காட்டிக்கொண்டிருந்தது. இதை "ஒன்றும் ஆகவில்லை" என்ற கணக்கில் சேர்க்க என்னால் முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். முந்துவது என்பது முந்துகிறவர் தன் விருப்பத்தின் பேரில் எடுக்கும் முடிவு. அதற்கான பொறுப்பு முழுவதும் அவருடையது. முன்னால் போகிறவர் திடுக்கிடவோ, ஒதுங்கவோ, பிரேக்கைத் தொடவோ நேர்ந்தால் அந்த ஓவர்டேக் தவறானது. யாரும் விழாவிட்டாலும் தவறானதுதான்.

இருசக்கர வண்டி கோடு போட்டாற்போல நேராகப் போகிற வண்டி அல்ல என்பது தினமும் ஓட்டுகிற நமக்குத் தெரியாதா? முன்னால் போகிறவர் பள்ளத்தைப் பார்க்கிறார், மணலைப் பார்க்கிறார், சிந்திக்கிடக்கும் எண்ணெயைப் பார்க்கிறார். பின்னால் வருகிறவருக்கு அவையெல்லாம் தெரிவதில்லை, ஏனென்றால் முன்னால் இருப்பவரின் முதுகும் வண்டியுமே அவற்றை மறைத்துக்கொண்டிருக்கின்றன. கடைசி நொடியில் அவர் ஒரு முழம் விலகினால் பின்னால் இருப்பவருக்கு அது காரணமில்லாமல் வளைந்ததுபோலத் தெரியும்; "நேராக ஓட்டத் தெரியவில்லை" என்று அவரையே குறை சொல்வோம். அந்த ஒரு முழமும் அவருக்கு வேண்டிய இடம். அதில் நம் ஹேண்டில்பாரை நுழைக்கும் உரிமையை நமக்கு யார் கொடுத்தார்கள்?

இன்னொன்றும் இருக்கிறது. ஓரளவு வேகத்தில் போகும்போது ஹேண்டில்பாரின் ஒரு முனையை லேசாக அழுத்தினாலே வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து திரும்பத் தொடங்கிவிடும். வளைவுகளை நாம் எடுப்பதே இப்படித்தான். திடுக்கிட்ட மனிதரின் கை விறைக்கிறது, தோள் இறுகுகிறது, கண் சத்தம் வந்த பக்கம் திரும்புகிறது. கண் போன பக்கம் வண்டியும் போகும். ஆக, பக்கத்தில் உரசிக்கொண்டு போகிறவர், தான் பயமுறுத்திய ஆளைத் தன் மீதே திரும்ப வைக்கிறார். வளைவில், அதுவும் உள்பக்கமாக இதைச் செய்தால், ஏற்கெனவே சாய்ந்திருக்கும் வண்டியில் அந்த மனிதருக்குச் சமாளிக்க மிச்சம் வைத்திருக்கும் இடம் எவ்வளவு?

"ஹாரன் அடித்துவிட்டுத்தானே போனான்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அடித்தார், மறுக்கவில்லை, என் முழங்கைக்கு அருகில் வந்த பிறகு அடித்தார். தூரத்திலிருந்து சுருக்கமாக ஒருமுறை அடித்து, முன்னால் இருப்பவர் கண்ணாடியில் நம்மைப் பார்த்துவிட்டார் என்று உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு இண்டிகேட்டர் போட்டுக் கிளம்பினால் அது அறிவிப்பு. இரவென்றால் ஹெட்லைட்டை ஒருமுறை டிம்-டிப் செய்தால் போதும். காதோடு காதாக வைத்து அலறவிட்டால் அது அறிவிப்பு ஆகாது. அறிவிப்பைக் கேட்டு ஒருவர் ஏதாவது செய்ய வேண்டுமானால் அவருக்கு நேரம் வேண்டும் அல்லவா? நெடுஞ்சாலை வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் இரைச்சலே பெரிதாக இருக்கிறது, பின்னால் வரும் இன்னொரு பைக்கின் சத்தம் பெரும்பாலும் காதில் விழுவதே இல்லை. அப்படிப்பட்ட காதில் திடீரென்று விழும் ஹாரன் என்ன செய்யும் என்பதற்கு என் தங்கையைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் கொஞ்சம் வயதான பிறகுதான் வண்டி கற்றுக்கொண்டாள். பொறுமையாகக் கற்றுக்கொண்டாள், நன்றாகவே ஓட்டினாள். ஒருநாள் எதிரில் யாரும் இல்லாத நேர்ச்சாலையில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து வந்த பைக் ஒன்று, கைநீட்டினால் தொட்டுவிடக்கூடிய இடைவெளியில், ஹாரனை அழுத்தியபடியே கடந்து போனது. அவள் பதறி ஓரத்துக்கு ஒதுங்கினாள். முன்சக்கரம் தாரைவிட்டு ஜல்லியில் இறங்கியது. மறுபடி தார்மேல் ஏற்றப் பார்த்தபோது தாரின் விளிம்பு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. வண்டி சாய்ந்தது, மணிக்கட்டு முறிந்தது. முந்திச் சென்றவர் நிற்கவில்லை. ஓடி ஒளிந்தார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு அது தெரிந்தே இருக்காது. அவரைப் பொறுத்தவரை அன்று ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குப் போயிருப்பார், சாப்பிட்டிருப்பார், தூங்கியிருப்பார். "விழுந்ததுகூடப் பரவாயில்லை அண்ணா, இப்படி ஒருத்தி விழுந்தாள் என்பதே அவருக்குத் தெரியாதே" என்று கட்டுப்போட்ட கையோடு அவள் சொன்னாள். அதன்பிறகு அவள் வண்டியைத் தொடவில்லை. எனவே "ஒன்றும் ஆகவில்லையே" என்ற சொற்களை என்னிடம் சொல்லும் முன் கொஞ்சம் யோசியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

"சாலையின் நடுவில் மெதுவாகப் போனால் வேறு எப்படி முந்துவது?" என்ற கேள்வியும் வந்தது. காத்திருந்துதான் முந்த வேண்டும். ஓரத்தில் மணலும் உடைந்த தாரும் திடீரென்று திறக்கும் கார் கதவும் இருப்பதால், தன் தடத்தின் நடுவில் போவதே ஓட்டுகிறவருக்குப் பல நேரங்களில் பாதுகாப்பு. அவர் சைடு கொடுக்க வேண்டாமா என்றால், கொடுக்கத்தான் வேண்டும். 1968-ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தமே, தன்னை ஒருவர் முந்தப் போகிறார் என்று தெரிந்தால் ஓரம் சார்ந்து போக வேண்டும், வேகத்தைக் கூட்டக் கூடாது என்கிறது. முந்தவிடாமல் ஆக்சிலரேட்டரை முறுக்குகிறவர்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அதே ஒப்பந்தம், முந்துவதற்கு முன் பின்னால் இருப்பவர் யாரும் ஏற்கெனவே தன்னை முந்தத் தொடங்கவில்லை என்பதையும், முன்னால் இருப்பவர் இன்னொருவரை முந்தப் போவதாகச் சைகை காட்டவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளச் சொல்கிறது; முந்தும்போது போதிய பக்க இடைவெளி விடவும் சொல்கிறது. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு என்னிடம் வாதத்துக்கு வராதீர்கள்.

குழுவாகப் போகும்போது நாம் மீறுவது இந்த இரண்டாம் பாதியைத்தான். முதல் ஆள் இடம் பார்த்து முந்துகிறார். அடுத்தவர் அவருடைய டெயில் லைட்டை மட்டும் பார்த்துக்கொண்டு பின்னாலேயே போகிறார். மூன்றாமவர் எதையுமே பார்ப்பதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டியை 70-இல் முந்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் வெறும் 10 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு மூன்று மீட்டர்கூட இல்லை. 20 மீட்டர் பின்னாலிருந்து கிளம்பி 20 மீட்டர் முன்னால் போய்த் தடத்துக்குத் திரும்ப 14 நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் நாம் ஏறக்குறைய 280 மீட்டர் ஓடியிருப்போம். எதிரில் ஒருவர் அதே 70-இல் வந்தால் அவரும் 280 மீட்டர் வந்திருப்பார். அரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான வெற்றுச்சாலை முதல் ஆள் ஒருவருக்கே வேண்டும். அந்த இடம் கிடைக்காதபோதுதான் இடைவெளியைக் குறைக்கிறோம், உரசுகிறோம், கடந்த உடனே முன்னால் இருப்பவரின் சக்கரத்துக்கு முன்பாகவே கட் அடித்து உள்ளே நுழைகிறோம். கடந்துவந்த வண்டியின் ஹெட்லைட் கண்ணாடியில் முழுதாகத் தெரிந்து, ஒருமுறை தலையைத் திருப்பியும் பார்த்த பிறகே தடத்துக்குத் திரும்ப வேண்டும். குவிந்த கண்ணாடியில் எல்லாமே இருப்பதைவிடத் தள்ளி இருப்பதாகத் தெரியும் என்பதை நம்மில் பலர் நினைவில் வைப்பதில்லை.

"திறமை உள்ளவன் போகிறான், பயந்தவன் ஒதுங்கட்டும்" என்றும் ஒருவர் எழுதினார். பந்தயத் தடத்தில் பயிற்சி நாட்களுக்குப் போனவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களிடமே கேளுங்கள். எதிரே வண்டி வராத, மணலோ மாடோ குறுக்கே வராத, எல்லாரும் ஒரே திசையில் போகிற அந்தத் தடத்திலேயே, புதியவர்களின் பிரிவில் வளைவில் உள்பக்கமாக முந்தக் கூடாது, முந்தினால் நல்ல இடைவெளி விட்டே முந்த வேண்டும் என்ற விதியைப் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். மீறினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அங்கே யாரும் "ஒன்றும் ஆகவில்லையே" என்று வாதாடுவதில்லை. நெரிசலில் இப்படியெல்லாம் இடைவெளி விட முடியாது என்கிறவர்களுக்கு என் பதில் சிறியது: நெரிசலில் வேகம் குறைவு, ஞாயிறன்று அந்தச் சாலையில் நெரிசல் இல்லை.

எனக்கு உண்மையில் வலிக்கிற இடம் வேறு. கார்காரர்கள் நம்மைப் பார்ப்பதில்லை என்று நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்! அது வெறும் புலம்பலும் அல்ல. 1981-இல் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் ஆய்வறிக்கை, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் ஆராய்ந்து, வேறு வாகனத்தோடு நேர்ந்த விபத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு எதிர்த்தரப்பு ஓட்டுநர் பைக்கைக் கவனிக்காததே காரணம் என்று சொன்னது. லாரி பக்கத்தில் உரசிக்கொண்டு போனால் காணொளி எடுத்துப் போடுகிறோம், பதறுகிறோம். சைக்கிளை முந்தும் மோட்டார் வாகனம் ஊருக்குள் ஒன்றரை மீட்டரும் ஊருக்கு வெளியே இரண்டு மீட்டரும் விட வேண்டும் என்று 2020-இல் ஜெர்மனி விதி கொண்டுவந்தபோது இங்கே பாராட்டிப் பகிர்ந்தோம். சக ஓட்டுநரை முந்தும்போது மட்டும் ஒரு முழம் விடுவதற்கு நமக்கு மனம் வரவில்லை. பெரிய வண்டிகளிடம் நாம் கேட்கிற மரியாதையை நமக்குள் கொடுத்துக்கொள்ளாமல், எந்த முகத்தோடு அவர்களிடம் போய்க் கேட்பது?

"மெதுவாகப் போகிறவர் வண்டியை விற்றுவிடட்டும்" என்று எழுதியவருக்கு நான் பதில் எழுதவில்லை. நான் மெதுவாகப் போகவில்லை என்று நிரூபிக்க முயலவும் இல்லை, ஏனென்றால் மெதுவாகப் போவது குற்றம் அல்ல. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர், பின்னால் குழந்தையை வைத்திருப்பவர், உடம்பு முடியாத நாளிலும் வேலைக்குப் போக வேண்டியவர் என்று எத்தனையோ பேர் மெதுவாகத்தான் போவார்கள். சாலை அவர்களுக்கும் உரியது. அந்த வரியின் கீழே எனக்கு நன்றாகத் தெரிந்த சில பெயர்களின் விருப்பக் குறிகளைப் பார்த்தேன். வருத்தமாக இருந்தது, வேறொன்றும் சொல்வதற்கில்லை.

முந்திச் சென்ற அந்தத் தம்பியின் பெயரை யாரும் கேட்க வேண்டாம், நான் சொல்லப் போவதில்லை. அவரிடம் தனியாகப் பேசிவிட்டேன், கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். அவருக்காக என்னிடம் சண்டைக்கு வந்தவர்களைவிட அவர் எவ்வளவோ மேல். குழுவை நடத்துகிறவர்களிடம் நான் கேட்டிருப்பது மூன்று விஷயங்கள்: வளைவில் முந்தக் கூடாது, ஓரப்பக்கமாக நுழைந்து முந்தக் கூடாது, முன்னால் போனவரின் டெயில் லைட்டை நம்பிப் பின்தொடராமல் ஒவ்வொருவரும் தானே இடம் பார்த்து ஒவ்வொருவராகத்தான் முந்த வேண்டும். பயணம் கிளம்பும் முன் இவற்றை எல்லாரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். அதைச் செய்யும்வரை அடுத்த பயணத்தின் பட்டியலில் என் பெயரைச் சேர்க்க வேண்டாம். இந்த வாரம் பணம் கட்டச் சொல்லிச் செய்தி அனுப்பியவர்களுக்கும் என் பதில் இதுவே.