சைக்கிள் பயிற்சிக் கருவி ஓட்டத்துக்கு மாற்றாகுமா?

வீட்டுக்குள் நிறுத்தி மிதிக்கும் விலையுயர்ந்த சைக்கிள் பயிற்சிக் கருவி இருந்தால், சாலையில் ஓடாமலேயே 10 கிலோமீட்டர் ஓட்ட நேரத்தைக் குறைத்துவிடலாம் என்று காரைக்குடி, தேவகோட்டை வட்டார வாட்ஸப் குழுக்களில் பரவும் செய்தி தவறானது.

மிதிப்பது இதயத்தை வலுப்படுத்தும், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனையும் உயர்த்தும் என்பது உண்மைதான். ஆனால் ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப்போல் இரண்டு மூன்று மடங்கு விசையைக் கால் தாங்குகிறது. அந்த விசையை வாங்கித் திருப்பித் தரும் குதிகால் தசைநாணும் கெண்டைக்காலும், அதைச் சுமக்கும் எலும்பும், இருக்கையில் அமர்ந்து மிதிப்பதால் அதற்குப் பழகுவதில்லை. கருவி காட்டும் வாட் அளவும் பெடலில் நொடிக்கு எவ்வளவு ஆற்றல் செலுத்துகிறோம் என்பதையே சொல்கிறது, ஓட்டத் திறனையன்று.

காயத்திலிருந்து மீள்பவர்களுக்கும் சித்திரை வெயிலுக்கு அஞ்சுபவர்களுக்கும் அது நல்ல துணை. பிள்ளைகளுக்காகக் கடன்பட்டு அதை வாங்க நினைக்கும் பெற்றோர், நல்ல காலணி வாங்கித் தந்து விடியற்காலையில் ஓடவிடுவதே மேல் என்பது என் உறுதியான கருத்து.