உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது

இன்று காலை துணி உலர்த்துவதற்காக மொட்டை மாடிக்குப் போனபோது என் கைபேசிக்கு உயிர் வந்து, நேற்றிலிருந்து எங்கேயோ தேங்கிக் கிடந்த குறுஞ்செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. மூன்றாவது செய்தி என் தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து வந்திருந்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கவில்லை என்று நான் கொடுத்த புகாரை அவர்கள் முடித்துவைத்துவிட்டார்களாம். பலமுறை அழைத்தும் என்னைத் தொடர்புகொள்ள இயலாததே அதற்குக் காரணமாம். கிணற்றில் விழுந்தவன் கத்துவதைக் கேட்டுவிட்டு, மேலே ஏறி வந்து மனு எழுதிக் கொடுக்காததால் உன் கோரிக்கையைத் தள்ளுபடி செய்கிறோம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கு அடுத்த செய்தி, எங்கள் சேவைக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுங்கள் என்று கேட்டது. சுழியம் இடுவதற்கு அதில் வழியில்லை.

நான் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. சன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, கழுத்தை உள்ளே வைத்துக்கொண்டு, "இப்ப கேக்குதா? இப்ப?" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தாதவர்கள் இதைப் படிக்க மாட்டார்கள். ஆகவே நேரே செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

மேடவாக்கத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் நடுவில் நான்கு மாடி அடுக்ககம் ஒன்றில் முதல் மாடியில் குடியிருக்கிறேன். செவ்வாயன்று பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை மின்தடை. மின்சாரம் போனால் வைஃபை போகும். வைஃபை போனால் எங்கள் வீட்டில் தொலைபேசி என்ற பொருளே இல்லாமல் போகும், ஏனென்றால் சிக்னல் இல்லாத குறையை வைஃபை வழியாகப் பேசும் வசதியைக் கொண்டுதான் இத்தனை நாளாக ஒப்பேற்றி வருகிறோம். ஒரு நிறுவனத்துக்கு இணையத்துக்காகவும் இன்னொரு நிறுவனத்துக்குப் பேசுவதற்காகவும் பணம் கட்டிவிட்டு, இரண்டாமவர் செய்ய வேண்டிய வேலையையும் முதலாமவர் தலையிலேயே கட்டியிருக்கிறேன் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

பத்தே முக்கால் மணிக்குச் சமையல் எரிவாயு உருளை வந்தது. பதினான்கு கிலோ எரிவாயுவும் அதைச் சுமக்கும் இரும்பின் எடையும் சேர்ந்த உருளையை வாசற்படியில் இறக்கி வைத்த இளைஞர், "சார், ஓடிபி" என்றார். கைபேசியைப் பார்த்தேன். உச்சியில் இரண்டு கோடுகளும் அருகில் மிடுக்காக 5ஜி என்ற எழுத்தும் இருந்தன. குறுஞ்செய்திதான் இல்லை. விமானப் பயண முறையைப் போட்டு எடுத்தேன், அணைத்து மூட்டினேன், சிம் அட்டையைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டினேன். அந்த இளைஞர் மிகுந்த பொறுமைசாலி. "மேல போய்ப் பாருங்க சார்" என்றார். மின்தூக்கி ஓடவில்லை. படியேறினேன்.

மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி சங்கச் செயலாளரிடம் இருப்பதாகக் கீழிருந்து காவலாளி குரல் கொடுத்துவிட்டு, தம் கைபேசியிலிருந்து செயலாளரை அழைத்தார். செயலாளரும் நான் வைத்திருக்கும் அதே இணைப்பைத்தான் வைத்திருக்கிறார் என்பதால், அவர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருப்பதாக ஒரு பெண் குரல் இனிமையாக அறிவித்தது. தொடர்பு எல்லைக்கு அப்பால் இருந்த அந்த மனிதர், காவலாளியின் தலைக்கு மேலே மூன்றாம் மாடியில் குளித்துக்கொண்டிருந்தார். கதவைத் தட்டி, அவர் குளித்து, திருநீறு பூசி, இருபது சாவிகள் கோத்த வளையம் ஒன்றைத் தேடி எடுத்துத் தருவதற்குள் பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின. கதவைத் திறந்து வெயிலில் கால் வைத்தவுடன் செய்திகள் கொட்டின. முதலாவது, எனக்கு ஐந்து லட்ச ரூபாய் கடன் தயாராக இருக்கிறது என்றது. இரண்டாவது, என் இணைப்புக்குரிய புதிய சலுகை பற்றியது. மூன்றாவதில் ஓடிபி இருந்தது.

எண்ணை வாய்க்குள் முணுமுணுத்தபடி இறங்கும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைபேசி நழுவி, மல்லாந்து விழுந்தது. பின்புறக் கண்ணாடி சிலந்தி வலைபோல் விரிந்தது. அதைப் பார்க்கக்கூட நேரமில்லாமல் ஓடிப்போய் எண்ணைச் சொன்னேன். அவர் தம் கருவியில் தட்டிப் பார்த்துவிட்டு, "தப்புன்னு வருதே சார். நீங்க மேல போனதும் நான் மறுபடி அனுப்பிட்டேன். புது நம்பர் வந்திருக்கும், அதச் சொல்லுங்க" என்றார். புதிய எண் மொட்டை மாடியில் இருந்தது. இரண்டாம் ஏற்றத்தை வருணிக்க எனக்குத் தெம்பில்லை.

நான் மூச்சிரைக்கத் திரும்பியபோது, அவர் என் வரவேற்பறையின் நடுவில் நின்று, ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய ஒரு பழைய கைபேசியில் அடுத்த தெரு வாடிக்கையாளரோடு தெள்ளத்தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். என் பார்வையைப் புரிந்துகொண்டு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "போன் இல்ல சார் பிரச்சினை. உங்க லைனுக்கு இந்த பில்டிங்ல டவரே கிடைக்காது. எல்லா வீட்டுக்கும் சிலிண்டர் போடறேன், எனக்குத் தெரியாதா?" வீடு வீடாக ஏறி இறங்கிய கால்களால் அவர் வரைந்திருக்கும் அந்த வரைபடத்தின் முன், சென்னை முழுவதையும் ஒரே நிறத்தால் பூசி மெழுகி நிறுவனங்கள் வெளியிடும் வரைபடங்கள் குழந்தைகளின் வண்ணம் தீட்டும் புத்தகத்துக்குத்தான் பொருந்தும்.

ஆனால் இந்த எளிய உண்மையை என் உறவினர்களிடம் சொல்லி ஏற்கவைக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த மைத்துனர், இலையில் உட்கார்ந்து சாம்பார் விழுவதற்கு முன்பே தொடங்கிவிட்டார். "மாமா, அந்த கம்பெனி வேணாம்னு அப்பவே சொன்னேன்ல?" அவர் கொரிய நிறுவனத்தின் பக்தர். அக்காள் மகனுக்கு ஆப்பிளைத் தவிர மற்றவை கைபேசி என்ற வகையிலேயே சேராது. எதிர்வீட்டு நண்பர், இருப்பதிலேயே மலிவான சீனப் போனை ஆண்டுக்கொன்றாக மாற்றுவதே அறிவுடைமை என்பவர். சைவ வைணவச் சண்டைகூட இவ்வளவு நேரம் நீடித்திருக்காது. ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலானவற்றுக்கு மோடம் சிப் குவால்காமிடமிருந்தோ மீடியாடெக்கிடமிருந்தோதான் வருகிறது என்றும், பெட்டியின் மேலிருக்கும் பெயர் எதுவானாலும் கோபுரத்தோடு பேசும் வாய் பெரும்பாலும் அந்த இரண்டு வீட்டுப் பிள்ளைதான் என்றும் நான் சொன்னதை யாரும் பொருட்படுத்தவில்லை. வழக்கம்போல் பேச்சு நோக்கியாவின் உறுதியில் போய் முடிந்தது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கி 2014இல் மூடப்பட்ட அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, இப்போது ஐபோன்கள் தயாராவதும் அதே வட்டாரத்தில்தான் என்று அக்காள் மகன் பெருமையோடு சொன்னான். நல்லது. ஸ்ரீபெரும்புதூரில் தயாரானால் என்ன, சுவிட்சர்லாந்தில் தயாரானால் என்ன, என் வரவேற்பறைக்கு வந்தால் எல்லாமே டார்ச் விளக்குதான்.

இந்தக் கோடுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தராசுக்குக் கிலோ இருப்பதுபோலச் சிக்னல் கோட்டுக்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது. எவ்வளவு வலுவுக்கு எத்தனை கோடு காட்டுவது என்பது அவரவர் விருப்பம். ஆண்ட்ராய்டில் அமைப்புகளுக்குள் நுழைந்து, சிம் நிலை என்ற பகுதியைத் தோண்டினால் உண்மையான எண் டெசிபல் கணக்கில் கிடைக்கும். என் நாற்காலியில் மைனஸ் 118. மொட்டை மாடியில் மைனஸ் 80. ஒவ்வொரு பத்து எண் ஏறும்போதும் வலு பத்து மடங்காகப் பெருகும் என்ற இந்தக் கணக்கின்படி, இரண்டு இடங்களுக்கும் இடையே ஆறாயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு. ஆறாயிரம் மடங்கை இரண்டே கோடுகளில் அடக்கிக் காட்டியிருக்கிறான் இந்தக் கோடுகளை வரைந்த ஓவியன்.

2010இல் ஐபோன் 4 வெளிவந்தபோது, விளிம்பில் ஓடிய உலோகச் சட்டமே ஆன்டெனாவாக இருந்ததால், இடது கீழ் மூலையைக் கை மூடினால் சிக்னல் சரிந்தது. அப்படிப் பிடிக்காமல் இருங்கள் என்ற பொருளில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு வாடிக்கையாளருக்குப் பதில் எழுதியது உலகப் புகழ் பெற்றது. பிறகு ஜூலையில் அந்த நிறுவனம், கோடுகளைக் கணக்கிடும் சூத்திரமே தவறு என்றும், இரண்டு காட்ட வேண்டிய இடத்தில் நான்கு காட்டியிருக்கிறோம் என்றும் அறிக்கை விட்டு, கடைசியில் எல்லோருக்கும் இலவச உறை கொடுத்தது. அன்று நானும் சிரித்தேன். இன்று அவர்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. கோடு பொய் சொல்லியது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டார்களே! எனக்கு அந்த ஒரு வரி கிடைத்தால் சட்டம் போட்டு மாட்டிவைப்பேன்.

உடைந்த கண்ணாடிக்கு வருகிறேன். உலோகம் வானொலி அலைகளைத் தடுக்கும். முதுகு முழுவதும் உலோகமாக இருந்த காலத்தில் ஆன்டெனாவுக்காக அதில் பிளாஸ்டிக் கோடு போட வேண்டியிருந்தது. கண்ணாடியில் அந்தத் தொல்லை இல்லை. வராத சிக்னலுக்குக் கண்ணாடி மாளிகை கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த மாளிகையை வாங்கியவுடன் நாம் செய்யும் முதல் வேலை, அதன் அழகை ஒருவரும் பார்த்துவிடாதபடி ரப்பர் உறை போட்டு மூடுவது. நான் அன்று காலைதான் கழுவிக் காயவைக்க உறையைக் கழற்றியிருந்தேன். சேவை மையத்தில் சீட்டு வாங்கி ஒன்றரை மணி நேரம் காத்திருந்த பிறகு, சிக்னல் கோளாற்றைப் பரிசோதிக்க வந்தேன் என்றேன். கண்ணாடி உடைந்திருப்பதால் உத்தரவாதம் செல்லாது, சிக்னல் வராததற்கும் அந்த உடைசலே காரணமாக இருக்கலாம் என்றார் அந்தத் தம்பி. சிக்னல் வராததால்தானப்பா உடைந்தது என்று நான் சொன்னதை எழுதிக்கொள்ள அவருடைய படிவத்தில் கட்டம் இல்லை.

நியாயமாகப் பேச வேண்டும் என்று எனக்கு இப்போது தோன்றவில்லை. இருந்தாலும் எங்கள் அடுக்ககச் சங்கத்தையும் விட்டுவைக்க மனம் வரவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் கூரையில் சிறிய கோபுரம் ஒன்று அமைக்கக் கேட்டு வந்தார்கள். கதிர்வீச்சு என்று சொல்லி விரட்டியடித்தோம். கோபுரக் கதிர்வீச்சுக்கு இந்தியா 2012 முதல் உலக அளவில் பரிந்துரைக்கப்படும் வரம்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் அனுமதிக்கிறது என்பதைக் கூட்டத்தில் யாரும் கேட்கத் தயாராக இல்லை. கோபுரம் தூரமாக இருந்தால் அதை எட்டிப் பிடிக்கக் கைபேசிதான் கூடுதல் வலுவோடு கத்த வேண்டியிருக்கும், மின்கலமும் சூடாகித் தீரும் என்பதையும் யாரும் கேட்கவில்லை. போராட்டத்தை முன்னின்று நடத்திய செயலாளர் இப்போது தினமும் மாலையில் தண்ணீர்த் தொட்டிக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையே உள்ள மூலையில் நின்று மகளோடு பேசுகிறார். அந்த மூலையில் ஏழு மணிக்கு வரிசை இருக்கிறது.

வேறு நிறுவனத்துக்கு மாறிவிடலாமே என்பீர்கள். ஓராண்டுக் கட்டணத்தை ஜனவரியில் மொத்தமாகக் கட்டிவிட்டேன். எண்ணை மாற்றிக்கொண்டு போனால் மிச்ச நாள்கள் அவர்களுக்கே காணிக்கை. துண்டிக்கப்படும் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு ரூபாய் வீதம், நாளுக்கு மூன்று ரூபாய் வரை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் போட்ட விதி 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததையும், அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியதையும் நினைத்தால் வயிறு எரிகிறது. நாளுக்கு மூன்று ரூபாய் என்றால் இந்நேரம் கண்ணாடியையாவது மாற்றியிருப்பேன்.

இதையெல்லாம் ஆவேசமாகத் தட்டச்சு செய்துவிட்டு, பதிவேற்றுவதற்காக மேலே கிளம்பினேன். மின்சாரம் இன்றும் இல்லை. "என்னங்க, மேலதானே போறீங்க, இதையும் எடுத்துட்டுப் போங்க" என்று மனைவி வடகத் தட்டை நீட்டினார். ஆறு மாதங்களாக நான் மொட்டை மாடியில் நின்று ஹலோ ஹலோ என்று கத்துவதால், எங்கள் கட்டடத்துப் பக்கம் காக்கைகள் இறங்குவதில்லையாம்; இந்த ஆண்டுதான் வடகம் ஒன்றுகூடக் குறையாமல் காய்ந்ததாம். மூன்றாம் மாடியிலிருந்து செயலாளரின் மனைவியும் ஒரு தட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.