மேற்கோள் எண்ணிக்கையும் ஒரு தாயின் கேள்வியும்

மருத்துவ பீடத்தில் படிக்கும் என் மருமகன், உயிரியல் உளமருத்துவத் துறையில் (மனநோய்களை மூளை, மரபணு வழியாக ஆராயும் துறை) பெயர்பெற்ற வெளிநாட்டு நரம்பியல் ஆய்வாளர் ஒருவரின் ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும் கூகுள் ஸ்கொலர் பக்கத்தைச் சென்ற வாரம் எனக்கு அனுப்பியிருந்தான். அவருடைய கட்டுரைகளைப் பிறர் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை அளக்கும் எச்-சுட்டெண் நூறைத் தாண்டியிருந்தது. "மாமா, இப்படி ஒருத்தர் வன்னிக்கு வந்து ஆராய்ஞ்சால் எங்கட சனத்தின்ர பிரச்சினை முழுக்க விளங்கிவிடும்" என்று கீழே எழுதியிருந்தான். அவனுடைய ஆவலை நான் மதிக்கிறேன். ஆனால், கிளிநொச்சியில் பல வருடங்களாக உளவளத்துணைப் பணியில் இருப்பவன் என்ற வகையில், அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது என்பதை அவனுக்கும் அவனைப் போன்ற பிள்ளைகளுக்கும் எழுதவேண்டும் என்று தோன்றியது.

எச்-சுட்டெண்ணை 2005 இல் முன்வைத்தவர் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்னும் பௌதிகவியலாளர். ஒருவர் எழுதியவற்றில் 40 கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது 40 தடவை, பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய சுட்டெண் 40. ஒரு கட்டுரையை ஆதாரமாகக் கொண்டு எழுதுபவரின் மேற்கோளும், அதே கட்டுரை பிழை என்று காட்டுபவரின் மேற்கோளும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதிய மரபணுக் கட்டுரையின் மேற்கோள்களும் அத்தனை பேருடைய கணக்கிலும் முழுமையாக ஏறும்.

இதற்கு ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். 2003 இல் அவ்ஷலோம் கஸ்பியும் சகாக்களும் நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்த 847 பேரின் தரவுகளை வைத்து, செரட்டோனின் என்னும் மூளை இரசாயனத்தோடு தொடர்புடைய 'செரட்டோனின் கடத்தி' மரபணுவின் குறுகிய வடிவத்தைக் கொண்டவர்கள் வாழ்க்கை நெருக்கடிகளின் பின்னர் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்புக் கூடுதல் என்று 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். அந்தக் கட்டுரை ஆயிரக்கணக்கான தடவை மேற்கோள் காட்டப்பட்டது. அதைப் பின்பற்றிப் பல ஆய்வுகள் எழுந்தன. 2019 இல் வேறொரு குழு, இந்த மரபணு உட்பட மனச்சோர்வோடு தொடர்புபடுத்தப்பட்டுவந்த 18 மரபணுக்களை இலட்சக்கணக்கானோரின் தரவுகளில் பரிசோதித்தபோது, அவை மற்ற மரபணுக்களைவிட எவ்விதத்திலும் முக்கியமானவை என்பதற்குத் தெளிவான ஆதாரம் கிடைக்கவில்லை. முதல் ஆய்வைச் செய்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அன்றைக்கு இருந்த கருவிகளைக் கொண்டு அவர்கள் நேர்மையாகவே தேடினார்கள். ஆனால் அந்தப் பதினாறு ஆண்டுகளிலும் மேற்கோள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது.

இது எங்களுக்குத் தூரத்து விஷயம் அல்ல. 2016 இல் 'பயோலொஜிக்கல் சைக்கயற்றி' இதழில் ரேச்சல் யெஹூதாவும் சகாக்களும், நாசிகளின் யூதப் படுகொலையில் தப்பிய 32 பேரையும் அவர்களுடைய பிள்ளைகள் 22 பேரையும் ஆராய்ந்து, மன அழுத்தத்தோடு தொடர்புடைய ஒரு மரபணுவின் மெதைலேற்றத்தில் (மரபணுவின் செயற்பாட்டை மாற்றக்கூடிய இரசாயனக் குறியீட்டில்) இரு தலைமுறையிலும் மாற்றம் உண்டு என்று எழுதினார்கள். அது வாய்வழியாகப் பரவிப் பரவி, எங்கள் ஊர்க் கருத்தரங்குகளில் "வலி இரத்தத்தில் இறங்கும்" என்ற ஒரே வரியாகிவிட்டது.

அப்படியொரு கருத்தரங்கில் இருந்துவிட்டு வந்த புதுக்குடியிருப்புத் தாய் ஒருவர், கிளினிக் கொப்பியைச் சுற்றியிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்து, மறுபடி சுற்றி, மறுபடி அவிழ்த்து, நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தம்பி, மெனிக் பாமிலதான் இவள் பிறந்தவள். நான் பட்டது இவளுக்கும் இறங்கியிருக்குமோ?" என்று கேட்டார். மெனிக் பாம், போரில் இடம்பெயர்ந்தவர்கள் வைக்கப்பட்டிருந்த முகாம். மகள் வெளியே வாங்கில் இருந்து பாடக்கொப்பியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். 22 பிள்ளைகளின் இரத்த மாதிரியிலிருந்து அந்தத் தாயின் மகளுக்கு விதி எழுத முடியாது என்று விளங்கப்படுத்த எனக்கு ஒரு பின்னேரம் முழுவதும் எடுத்தது.

உயிரியல் உளமருத்துவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனச்சிதைவு நோயோடு வந்த ஒரு தம்பி, குளிசையை ஒழுங்காக எடுத்ததால் இன்று மறுபடி வயலுக்குப் போகிறார்; அந்தக் குளிசை ஆய்வுகூடத்திலிருந்துதான் வந்தது. ஆனால் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவகத்தை 2002 முதல் 2015 வரை நடத்திய தோமஸ் இன்செலே, தம் காலத்தில் சிறந்த ஆய்வுக் கட்டுரைகள் பல வெளிவந்தும் தற்கொலைகளைக் குறைப்பதில் முன்னேற்றம் காணவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப்படுகிறது.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வன்னியின் கூட்டு மனவடு (ஒரு சமூகம் முழுவதும் சேர்ந்து சுமக்கும் மனக்காயம்) பற்றி எழுதிய கட்டுரையில் மரபணுவும் இல்லை, மூளைப் படமும் இல்லை. இடம்பெயர்ந்த மக்களின் வாய்மொழியிலிருந்து குடும்பமும் ஊரும் எப்படிக் குலைந்தன என்று அது காட்டுகிறது. கஸ்பியின் கட்டுரையோடு பார்த்தால் அதன் மேற்கோள்கள் மிகக் குறைவு. என் வேலையில் நான் திரும்பத் திரும்ப எடுத்து வாசிப்பது அதைத்தான்.

விடுமுறைக்கு வரும்போது யெஹூதாவின் கட்டுரையை அச்சிட்டு எடுத்துவரும்படி மருமகனிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தாயின் அடுத்த கிளினிக் நாளில், அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பதைத் தாய்க்கும் மகளுக்கும் தமிழில் அவனே சொல்லட்டும்.