அவள் சிரித்ததற்கு விளக்கம் கேட்கிறவர்களுக்கு

எந்தப் படம், யார் போட்ட கமெண்ட் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளி குரூப்பில் இருக்கிற எல்லாரும் பார்த்தாயிற்று. கல்யாண வீட்டில் அவள் பல் தெரியச் சிரித்துவிட்டாள், அதுதான் குற்றம். "டிப்ரஷன்னு எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுக்கிற ஆளா இது? நமக்கும் கொஞ்சம் வந்தா நல்லாருக்கும்" என்று ஒரு பெரிய மனிதர் எழுதுகிறார், கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். அவளிடம் காட்டி, சரி போடு என்று சொன்ன பிறகுதான் இதைப் போடுகிறேன். ஆகவே "அவ விஷயத்தை ஏன் வெளியே கொண்டு வர்றே" என்று ஆரம்பிக்காதீர்கள். வெளியே கொண்டு வந்தது நீங்கள்.

மனச்சோர்வு உள்ளவர்கள் சிரிப்பார்கள். சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு வருவார்கள், பெண்ணுக்கு மொய் எழுதுவார்கள், அப்புறம் வீட்டுக்குப் போய் அதே சேலையோடு மறுநாள் மத்தியானம் வரை சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். நீங்கள் படம் எடுத்தது முன்பாதி. பின்பாதிக்கு நான் போயிருந்தேன். தனக்கு நோய் இருக்கிறது என்று உங்களிடம் நிரூபிக்கும் கடமை அவளுக்கு இல்லை.

சுங்கை சிப்புட்டில் வளர்ந்த நமக்கு இந்தக் கிண்டல் புதிதில்லை. பக்கத்திலேயே தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை. சேட்டை பண்ணினால் "அங்க அனுப்பிடுவேன்" என்று மிரட்டித்தானே நம்மை வளர்த்தார்கள். அது 1911-இல் திறந்த மருத்துவமனை, இன்றைக்கும் டாக்டர், நர்ஸ், மருந்து கவுண்டர் எல்லாம் இருக்கிற இடம். சர்க்கரை வியாதிக்கு அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து நம்பர் எடுக்க வெட்கப்படாத நாம், இதற்குப் போகிறவளை மட்டும் ஏன் தலை முதல் கால் வரை அளக்கிறோம்? மலேசியாவின் 2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு டிப்ரஷன், ஏறக்குறைய 10 லட்சம் பேர். 2019-இல் அது 2.3 விழுக்காடு. குரூப்பில் இன்னும் சிலருக்கும் இருக்கலாம். உங்கள் கமெண்ட்டைப் படித்த பிறகு அவர்கள் வாயைத் திறப்பார்களா?

"நம்ம பாட்டி நாலு மணிக்கு எழுந்து ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போனாங்க, அவங்களுக்கு வராத டிப்ரஷனா?" இந்தக் கேள்வி எப்படியும் வரும். வந்ததுங்க. தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு சித்தப்பா மாதக்கணக்கில் திண்ணையை விட்டு எழாமல் கிடந்தார், காத்து கருப்பு என்று மந்திரித்தார்கள், மிச்சத்தைக் கள்ளுக்கடை பார்த்துக்கொண்டது. "கோயிலுக்கு வரச் சொல்லு, சரியாகும்" என்கிறவர்களுக்கு: வருகிறாள். நான்தான் கூட்டிப்போகிறேன். மாத்திரையும் போடுகிறாள், சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "கூட இருக்கிறவங்களுக்கும் களைப்பா இருக்கும்ல?" இருக்கும். அதற்காக?

அந்த மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி இல்லை. வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், ஆனால் குமட்டலும் தூக்கக் கோளாறும் முதலிலேயே வந்துவிடும். பல பேர் அந்த இடைவெளியில்தான் நிறுத்திவிடுகிறார்கள். ஆள் வேண்டியது அப்போதுதான். நீங்கள் அப்போது "பாசிட்டிவா யோசி" என்று சூரிய உதயப் படம் அனுப்பினீர்கள். நான் நாசி லெமாக் பொட்டலத்தோடு மோட்டாரில் போவேன். பசியாறினியா என்று கேட்பேன், இல்லை என்றால் பிரித்து வைப்பேன், துணியை மெஷினில் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒருநாள் நேராகவே கேட்டேன், சாகணும்னு தோணுதா என்று. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள், அப்படி இல்லை. கேட்டதால்தான் அவள் அழுதாள், டாக்டரிடமும் சொன்னாள். "சொன்னா போலீஸ் வருமா?" என்று என்னிடம் கேட்டாள் பாருங்கள். தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை என்ற தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை 2023-இலேயே நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. நம் குரூப் இன்னும் நீக்கவில்லை. அவசரத்துக்குச் சுகாதார அமைச்சின் உதவி எண் 15555 இருக்கிறது, பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பு 03-76272929 எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். அந்த எண்களைப் பகிர்ந்திருக்கலாமே, மீம்ஸுக்குப் பதிலாக.

இன்னொன்று. எங்கள் அப்பா தவறியபோது கருமாதி வரை எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றவள் இவள். பெரிய மனிதரும் வந்தார், மாலை போட்டார், படம் எடுத்தார், போனார். அன்றைக்கு அவளிடம் யாரும் "உனக்கு எங்கேர்ந்து இவ்வளவு தெம்பு" என்று கேட்கவில்லை. பிறருக்குச் சமைக்கும்போது இருந்த தெம்புக்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை, அவள் படுத்தால் மட்டும் எல்லாரும் டாக்டர். நான் அவளுக்குச் செல்லம் கொடுக்கிறேன் என்று வேறு எனக்குப் பெயர். சரி, கொடுக்கிறேன்.

அடுத்த மாதம் அவளுக்கு மறுபடி அப்பாயின்மென்ட், அன்றைக்கு எனக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. கார் வைத்திருப்பவர்கள், போகவர அறிவுரை சொல்லாமல் ஓட்டத் தெரிந்தவர்கள், இன்பாக்ஸுக்கு வாருங்கள். பெண்கள் என்றால் நல்லது. பெட்ரோல் காசு நான் தருகிறேன்.