எல்லா மனிதருக்காகவும் ஜெபிப்பது தேவசித்தமே

‘உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக’ என்று ஜெபிக்கிறவர்கள் விசுவாசியாதவர்களுக்காக ஜெபிக்கக்கூடாது என்று சகோதரர் ஒருவர் எழுதியிருப்பது வேதத்துக்கு நேர்மாறானது. 1 தீமோத்தேயு 2:1-4 பகுதி, எல்லா மனுஷருக்காகவும் ராஜாக்களுக்காகவும் விண்ணப்பம் பண்ணச் சொல்லி, எல்லாரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்பதே தேவனுடைய சித்தம் என்று அதற்குக் காரணமும் காட்டுகிறது. அன்று ரோமை ஆண்ட பேரரசர் எவரும் கிறிஸ்தவர் அல்லர்; ஆகவே ராஜாக்களுக்காக ஜெபிப்பது விசுவாசியாதவர்களுக்காக ஜெபிப்பதே.

வேதத்தில் யோனா புத்தகத்தின் நான்காம் அதிகாரத்தையும் தயவுசெய்து நிதானமாக வாசியுங்கள். அந்நியரின் நகரமான நினிவே அழிவிலிருந்து தப்பிவிட்டதே என்று எரிச்சலடைந்து, நகரத்துக்கு வெளியே குடிசை போட்டு உட்கார்ந்திருந்த தீர்க்கதரிசி யோனாவிடம், வலதுகைக்கும் இடதுகைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000-க்கும் அதிகமான மனிதரும், ஏன், அநேக மிருகஜீவன்களும் இருக்கும் அந்த நகரத்துக்காகத் தாம் பரிதபிக்க வேண்டாமா என்று கர்த்தர் கேட்கிறார். யோனா அதற்குச் சொன்ன பதில் எதுவும் எழுதப்படவில்லை.