துவரை விதைக்கும் மொசாம்பிக்காரனுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆப்பிரிக்கப் பொருட்களுக்கு ஆசியச் சந்தையைத் திறக்க வேண்டும் என்று பேச்சு வந்தாலே எல்லோரும் இறக்குமதி வரியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு இந்தியா 2008லேயே வரிச் சலுகை அறிவித்துவிட்டது. சீனாவும் 2024 டிசம்பரிலிருந்து அப்படிப்பட்ட 33 ஆப்பிரிக்க நாடுகளுக்கு வரியை முழுக்க எடுத்துவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் நம்மை நம்பி விதைத்தவன் அறுக்கும் நேரத்தில் கதவைச் சாத்தினால் வரிச் சலுகையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்?

2015 கடைசியில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பதற்றத்தில்தான் 2016 ஜூலையில் மொசாம்பிக்கோடு ஒப்பந்தம் போட்டோம். வருடத்துக்கு 1 லட்சம் டன் துவரையில் தொடங்கி 2020-21க்குள் 2 லட்சம் டன் வரை வாங்குவதாகப் பேச்சு. அந்த நாட்டின் நம்புலா, சாம்பேசியா மாகாணங்கள் பக்கம் சின்னச் சின்ன நிலக்காரர்கள் மக்காச்சோளத்துக்கு நடுவே துவரையை ஊடுபயிராகப் போடுகிறார்கள். அவர்கள் சாப்பாட்டில் துவரைக்குப் பெரிய இடமில்லை, விளைவதில் பெரும்பகுதி நமக்காகத்தான். நாம் வேண்டாம் என்றால் அதை வாங்க வேறு பெரிய சந்தை கிடையாது.

நமக்கும் அது சரியான சமயத்தில் வருகிற சரக்கு. இங்கே ஆடியில் விதைத்தால் மார்கழிக்கு மேல்தான் அறுவடை. அங்கே நவம்பர், டிசம்பரில் விதைத்து ஆகஸ்ட் வாக்கில் அறுக்கிறார்கள். அதாவது இங்கே கையிருப்பு கரைந்து விலை ஏறுகிற மாதங்களில் அங்குள்ள நகாலா துறைமுகத்தில் கப்பல் ஏறும்.

அப்புறம் 2016-17ல் இங்கே விளைச்சல் அபாரம், முந்தைய வருடத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. நம் விவசாயிக்கு ஆதார விலைகூடக் கிடைக்கவில்லை. உடனே 2017 ஆகஸ்டில் இறக்குமதிக்கு வருடத்துக்கு 2 லட்சம் டன் என்று உச்சவரம்பு வந்தது. அரசுகளுக்கு இடையிலான ஒப்பந்தத்துக்கு விலக்கு உண்டு என்றார்கள், சரி, ஆனால் அறுவடை நடந்துகொண்டிருக்கும்போது வந்த அறிவிப்பு அது, அங்கே விலை படுத்துவிட்டது. நம் விவசாயியைக் காப்பாற்றியதை நான் குறை சொல்லவே மாட்டேன். விதைப்புக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவர்கள் அந்த வருடம் கொஞ்சம் குறைவாகப் போட்டிருப்பார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

2021 மே மாதம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அந்தத் தளர்வையும் சில மாதம், ஒரு வருடம் என்று துண்டு துண்டாகத்தான் நீட்டித்து வந்தார்கள். இப்படி இருந்தால் எவன் நம்பிக் கிடங்கு கட்டுவான், எவன் மில் போடுவான்? இன்றும் பெரும்பாலும் முழுத் துவரையாகவே கப்பலேறுகிறது. உடைத்துப் பருப்பாக்கும் கூலியும் அதில் விழும் உமி, குருணைக் காசும் அந்த ஊரிலேயே நிற்க வேண்டும் என்று விரும்புகிறவன் நான், அதற்குக் குறைந்தது மூன்று வருடக் கொள்முதல் உறுதியாவது வேண்டும். அதைத் தர மனமில்லையென்றால், அடுத்த வருடம் எவ்வளவு வாங்குவோம் என்பதையாவது ஒவ்வொரு அக்டோபருக்குள்ளும் சொல்லிவிடட்டும், நவம்பரில் அவர்கள் விதைக்கிறார்கள்.