டிஎல்எல் கோப்பைத் தனியாக இறக்கி சிஸ்டம்32-இல் போடாதீர்கள்

"எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் இல்லை என்று வந்தால், ஏதாவது டிஎல்எல் தளத்தில் இறக்கி சிஸ்டம்32-இல் போடுங்கள். 32 பிட் மென்பொருளுக்கு அதுதான் இடம்" என்று மேலே ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். டிஎல்எல் என்பது மென்பொருள் ஓடத் தேவைப்படும் துணைக் கோப்பு; சிஸ்டம்32 என்பது விண்டோஸுக்குள் இருக்கும் ஃபோல்டர். அவர் சொன்னது தவறுங்க.

64 பிட் விண்டோஸில் பெயர் தலைகீழ். சிஸ்டம்32-இல் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகளுக்கு சிஸ்வாவ்64 என்று தனி ஃபோல்டர் உண்டு. பெயரை நம்பி ஏமாறாதவர்கள் குறைவு.

பாலக்கோட்டில் தெரிந்தவரின் ஜெராக்ஸ் கடையில் இதையே பார்த்தேன். பழைய 64 பிட் விண்டோஸ் 7; அதில் 32 பிட் பில்லிங் மென்பொருள். கோப்பை சிஸ்டம்32-இல் போட்டும் "இல்லை" என்றே வந்திருக்கிறது. அப்புறம் வேறொரு தளத்தில் எடுத்ததை மென்பொருளின் ஃபோல்டரிலேயே போட்டிருக்கிறார்கள். அது 64 பிட். உடனே பிழை மாறி, 7பி என முடியும் பிழை எண் வந்தது. 32-ம் 64-ம் முட்டிக்கொண்டால் பெரும்பாலும் வருவது இந்த எண்தான்.

போட்ட இரண்டையும் நீக்கிவிட்டு, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் விஷுவல் சி++ 2010 தொகுப்பை நிறுவினேன். இந்த டிஎல்எல் அதில்தான் வருகிறது. எக்ஸ்86, அதாவது 32 பிட், என்று இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் மென்பொருள் 32 பிட் ஆயிற்றே. பில் அடித்தது.

இன்னொருவர் சொன்ன எஸ்எஃப்சி ஸ்கேன்நவ், அதாவது கெட்டுப்போன விண்டோஸ் கோப்புகளைத் தேடிச் சரிசெய்யும் கட்டளை, நல்லதுதான். ஆனால் அது விண்டோஸின் சொந்தக் கோப்புகளை மட்டுமே சரிசெய்யும். இந்த டிஎல்எல் அதில் சேராது.

முன்பே எங்கிருந்தோ இறக்கிப் போட்டிருந்தால் அதை நீக்கிவிட்டு, ஒருமுறை வைரஸ் ஸ்கேன் ஓட்டிவிடுங்கள்.